மிதித்தால் செல்லாது

நான் பல்செட் செய்கிறவன். என்னிடம் பல் மாட்டிக்கொண்டு போகிறவர்களிடம், "ஒரு வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமா கடிங்க" என்று சொல்லித்தான் அனுப்புவேன். கடித்தால் பொறுப்பில்லை, கண்ணாடி முன்னால் நின்று இளிப்பதற்கு மட்டும்தான் என்று சொன்னால், அந்தப் பல்லாலேயே என்னைக் கடித்துவிட்டுப் போவார்கள். உத்தரவாதத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இவ்வளவு அறிவை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிரேக் கம்பெனிக்குள் நுழையலாமா? நுழைந்தேன்.

என் மனைவி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். வாரம் முழுக்க அடுத்தவர் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள், விடுமுறை வந்தால் வீட்டில் இருக்கும் பழைய காரை எடுத்துக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் போய்விடுவாள். சிலர் மீன் பிடிக்கிறார்கள், சிலர் சீட்டாடுகிறார்கள், இவள் வளைவில் வண்டியைத் திருப்புகிறாள். தடத்தில் யாரும் அவள் பெயரைச் சொல்வதில்லை. சைரன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஓரமாகத் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து, அவள் ஒவ்வொரு சுற்று திரும்பி வரும்போதும் ஒரு தடவை மூச்சு விட்டுக்கொள்வேன். எங்கள் இல்லற வாழ்க்கை அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு பயிற்சி நாளில் அவள் புது பிரேக் பேட் மாட்டிக்கொண்டு போனாள். பேட் என்பது சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கிற கட்டை. நம் வாயில் கடைவாய்ப் பல் செய்கிற வேலையை வண்டியில் அது செய்கிறது. அட்டைப் பெட்டி மேலேயே, சக்கரம் தீப்பிழம்பாகச் சுழல ஒரு கார் பறப்பது போலப் படம். அடியில் கொட்டை எழுத்தில், 'பந்தயத்துக்கென்றே பிறந்தது' என்று போட்டிருந்தது. நேர்பாதை முடிகிற பெரிய வளைவில் அவள் அதை மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. மணலில் புகுந்து, டயர் அடுக்கிய தடுப்புச் சுவரில் முட்டித்தான் நின்றது. நான் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடினேன். கழுத்துப் பிடிப்போடு தப்பித்தாள், நல்லவேளை.

"மிதிச்சேங்க. கல்லு மாதிரி நின்னுச்சு பெடல். வண்டிதான் நிக்கல" என்றாள். முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பேட் இரண்டும் பாளம் பாளமாக வெடித்து, ஓரமெல்லாம் உதிர்ந்து கிடந்தது.

தடத்துக்கு ஒரு நடுவர் உண்டு. வயதான மனிதர், நல்லவர், ஆனால் விதியை விட்டு ஒரு அங்குலம் நகரமாட்டார். "இத பாரும்மா, பிரேக் போச்சுன்னு கம்பெனி சொல்லிட்டா உன் மேல தப்பில்ல. கம்பெனி இல்லன்னு சொல்லிட்டா, நீ மிதிக்கலன்னுதான் அர்த்தம். நான் வேற எப்படி எழுத முடியும்?" என்றார். இந்தச் செய்தி ஆம்புலன்ஸ் அலுவலகத்துக்கும் போய்விட்டது. பிரேக் மிதிக்க மறக்கிறவள் கையில் நோயாளியை எப்படிக் கொடுப்பது என்று அவர்களுக்கும் கவலை. கம்பெனி பதில் வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லி அவளைத் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். வெளியே வேறு யாரோ அவளுடைய வண்டியை எடுத்துக்கொண்டு அலறிக்கொண்டு போக, இவள் உள்ளே "முகவரி சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தால் சாப்பிடமாட்டாள், பேசமாட்டாள். "மிதிக்கலன்னு சொல்றாங்கங்க என்னை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.  வா, போய்க் கேட்டுவிடலாம் என்று அவளைக் கிளப்பிக்கொண்டு போனேன்.

கம்பெனியில் உத்தரவாதத்துக்கென்றே தனி மாளிகை. உள்ளே காலடிச் சத்தம் கேட்காதபடி கம்பளம் விரித்திருந்தார்கள். சுவர் முழுக்க அதே தீப்பிழம்புச் சக்கரம். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண், வெல்வெட் விரித்த தட்டை நீட்டி, "பாகத்தை இதுல வைங்க சார்" என்றாள். குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல வைத்தேன்.

"ஒரே நாள்ல உடைஞ்சு போச்சும்மா" என்றேன்.

அவள் பதறிப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "சார், மெதுவா. அந்த வார்த்தையை இந்தக் கட்டடத்துல சொல்லக் கூடாது."

"பின்ன எப்படிச் சொல்றதாம்?"

"ஓய்வெடுக்குதுன்னு சொல்லுங்க."

"சரி, ஒரே நாள்ல ஓய்வெடுக்க ஆரம்பிச்சிடுச்சு. ஒரு வருஷம் உத்தரவாதம்னு போட்டிருக்கே, இருக்கா இல்லையா?"

"இருக்கு சார்! ரொம்ப உறுதியான உத்தரவாதம். இதுவரைக்கும் யாருக்கும் கொடுத்ததே இல்ல, புத்தம்புதுசா அப்படியே இருக்கு" என்று அவள் பூரித்தாள். "வண்டியை எங்க ஓட்டினீங்க?"

"பந்தயத் தடத்துல" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண்ணின் கை வாய்க்குப் போயிற்று. பக்கத்தில் காத்திருந்த ஒருவர் நாற்காலியை எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தடத்தில் ஓட்டினால் உத்தரவாதம் செல்லாதாம். நான் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, "பந்தயத்துக்கென்றே பிறந்ததுன்னு நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"பொறந்தது பந்தயத்துக்குத்தான் சார். அங்க அனுப்புங்கன்னு நாங்க எங்கயும் சொல்லலையே" என்றாள் அவள். பொய் சொல்கிற முகமே இல்லை. அந்தப் பெண் அதை மனதார நம்பினாள்.

இருந்தாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, சோதனை செய்து பார்த்துவிடலாம் என்று எங்களை ஒரு கூடத்துக்கு அழைத்துப்போனார்கள். குளிர்சாதனம் எலும்பைக் குடைந்தது. நடுவில் பளபளவென்று ஒரு கார். எங்கள் பேட்களை அதில் மாட்டியிருந்தார்கள். கோட்டு போட்ட அதிகாரிகள் வரிசையாகக் கைகட்டி நின்றார்கள். ஒருவர் காலணியைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் ஏறி, கண்ணை மூடி, பிரேக்கை மெல்ல மிதித்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தார்கள். வண்டி அசையவில்லை. கைதட்டல் எழுந்தது.

"நிக்குது பாருங்க!" என்றார் மூத்த அதிகாரி, கண் கலங்க.

"அது முதல்லேருந்தே நின்னுக்கிட்டுதானே சார் இருக்கு?" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன். எவ்வளவு நேரமா நிக்குது! உங்க வீட்டம்மா வண்டி இப்படி ஒரு நிமிஷமாவது நின்னுச்சா?"

"இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் ஓட்டிட்டு மிதிங்களேன்" என்றாள் என் மனைவி.

அதிகாரிக்கு முகம் சுண்டிவிட்டது. "மேடம், ஓடற வண்டியில ஆயிரம் விஷயம் கலந்துடும். வேகம் இருக்கும், சூடு இருக்கும், டிரைவர் இருப்பாங்க. அதுல பிரேக்கை மட்டும் எப்படிக் குத்தம் சொல்றது? நாங்க பண்றது சுத்தமான சோதனை."

அடுத்தது நோக்க விசாரணை. அதற்கு நோக்க அதிகாரி என்றே ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், சோகமான மீசை. அவர் அறையில் ஜன்னல் கிடையாது. என் மனைவியை எதிரில் உட்கார வைத்து, ஏதோ பாவமன்னிப்பு கொடுக்கிற குரலில் கேட்டார்.

"மனசைத் தொட்டுச் சொல்லுங்க. அன்னிக்கு வேகமா போகணும்னு நினைச்சீங்களா?"

"பந்தயத்துக்குப் பயிற்சி சார். வேகமாத்தான் போகணும்."

"நினைச்சீங்களா, இல்லையா?"

"நினைச்சேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "உண்மையை ஒத்துக்கிட்டீங்க, சந்தோஷம். என்ன வேலை பாக்கறீங்க?"

"ஆம்புலன்ஸ் ஓட்டறேன்."

"ஓ, பழக்கமே அதுதானா?" என்று அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். குடிகாரியைக் கட்டிக்கொண்டவனைப் பார்ப்பது போல இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் சார், பின்ன எங்கதான் ஓட்டணும்? சாலையில ஓட்டினா உத்தரவாதம் உண்டா?"

"தாராளமா! பேட் சூடாகாத வரைக்கும்."

"சூடாகலன்னா இந்தப் பேட் பிடிக்காது சார்" என்றாள் என் மனைவி. "பெட்டியிலயே போட்டிருக்கீங்க, நல்லா சூடான பிறகு உபயோகிக்கவும்னு."

"ஆமா, அது உபயோகிக்கறவங்களுக்கான அறிவுரை."

"அப்ப உத்தரவாதம் யாருக்கு?"

"உபயோகிக்காதவங்களுக்கு" என்றார் நோக்க அதிகாரி. சொன்ன பிறகு அவருக்கே அது எங்கோ இடித்தது போல. மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ஒரு வாடிக்கையாளரைப் பற்றிச் சொன்னார். பேட்டை வாங்கிக்கொண்டு போய், பெட்டியைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்திருக்கிறாராம். வருஷா வருஷம் வாழ்த்து அனுப்புவாராம். அப்படிப்பட்ட மனிதர்களும் இருக்கிறார்களே என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

கடைசியாக இயக்குநர். மேல்மாடியில், எட்டிப் பிடிக்க முடியாத நீள மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், வெண்மையான பல்வரிசை. நடுவரையும் வரவழைத்திருந்தார்கள், தீர்ப்பை அவர் காதால் கேட்க வேண்டுமாம். பந்தயத்துக்குப் பணம் போடுவது இந்தக் கம்பெனிதான் என்பதால் நடுவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் எழுந்து நின்று பேசினார். நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம், இருந்தும் மாநாட்டில் பேசுகிற குரல்.

"எங்க பிரேக் இதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. தோத்ததுன்னு சொல்ற இடமெல்லாம் எங்க உத்தரவாதத்துக்கு வெளிய இருக்கு. வெளிய நடக்கறதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பாக முடியும்? மத்த கம்பெனிக்காரங்க பொருளை நல்லா செய்யறதுல கவனத்தைச் சிதறடிக்கறாங்க. நாங்க அந்தத் தப்பைப் பண்ணல. எங்ககிட்ட பேட் செய்யற ஆளுங்களைவிட உத்தரவாதம் எழுதற ஆளுங்க அதிகம். ஒவ்வொரு வார்த்தையையும் எப்படி அடிச்சாலும் வெடிக்காத மாதிரி செஞ்சிருக்கோம். அந்த உழைப்பை இந்தம்மா ஒரே மிதியில கொச்சைப்படுத்திட்டாங்க. மிதிச்சிருந்தா, நின்னிருக்கும். நிக்கல, அதனால மிதிக்கல. பாகத்துல ஒரு குறையும் இல்ல. இப்பவே வண்டியில மாட்டலாம்."

நடுவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. என் மனைவி எழுந்தாள்.  

"அப்ப அதே பேட்டை நீங்க மாட்டிக்கிட்டு, அதே வளைவுல ஓட்டிக் காட்டுங்க சார்."

இயக்குநர் சிரித்தார். பந்தயப் பருவத்தை ஆண்டுதோறும் ஒரு சுற்று போய்த் தொடங்கிவைப்பது அவர்தான். பக்கத்தில் நடுவரை உட்கார வைத்துக்கொண்டு, நடந்து போகிறவன் முந்திவிடுகிற வேகத்தில், கையை ஆட்டிக்கொண்டே போவார். "இந்த ஞாயித்துக்கிழமை இதையே மாட்டச் சொல்றேன். கண்ணார வந்து பாருங்க" என்றார்.

என் மனைவிக்குத் திக்கென்றது. கோபத்தில் சொன்னதை அந்த மனிதர் நிஜமாகவே செய்யப்போகிறார் என்று புரிந்ததும் அவள் குரலே மாறிவிட்டது. "சார், வேணாம். ஏதோ ஆத்திரத்துல கேட்டுட்டேன். அது வெடிச்ச பேட் சார். உயிரோட விளையாடாதீங்க."

"வெடிச்சதுன்னு சொல்லக் கூடாதும்மா" என்று கண்டித்தார் இயக்குநர். "நாங்களே நல்லாருக்குன்னு சொன்னதை நாங்களே நம்பலன்னா வேற யார் நம்புவா?" மனிதன் எதில் வேண்டுமானாலும் ஏமாறலாம், தான் சுற்றிய பூவைத் தன் காதிலேயே வைத்துக்கொண்டவனை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். கம்பெனி ஆட்கள் கோட்டோடு வரிசையாக நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி காலையிலேயே போய், அன்றைக்குப் பணியில் இருந்த ஆம்புலன்ஸ்காரரிடம் பேசி, வண்டியைப் பெரிய வளைவுக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டாள். நடுவரிடமும் போய், "ஐயா, நீங்க ஏறாதீங்க" என்று கெஞ்சினாள். "ஏறணும்னு விதி இருக்கேம்மா" என்று அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

முதல் பாதிச் சுற்று வழக்கம்போலத்தான் போனது. வண்டி ஊர்ந்தது, இயக்குநர் கையை ஆட்டினார். நேர்பாதைக்கு வந்ததும் கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். கம்பெனி ஆட்கள் உற்சாகமாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் வினையாயிற்று. மனிதருக்கு வீரம் வந்து ஆக்சிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தினார். கார் எங்களைக் கடந்து போனபோது அவர் முகத்தில் எவ்வளவு பூரிப்பு! ஜன்னல் வழியாக நடுவரின் இரண்டு கைகளும் எதையோ பிடிக்கத் தேடுவது தெரிந்தது.

வளைவு வந்தது. வண்டி வளையவில்லை. நேராக மணலில் புகுந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, டயர் சுவரில் போய் முட்டியது.

எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, என் மனைவிதான் முதலில் ஓடினாள். பின்னால் ஆம்புலன்ஸ் ஆள், அவன் பின்னால் நான். அவள் கதவை இழுத்துத் திறந்து, நடுவரின் கழுத்தைத் தாங்கிப் பிடித்து, "அசையாதீங்க ஐயா, கை கால் உணர்வு இருக்கா, விரலை ஆட்டுங்க" என்றாள். அத்தனை நாள் கழித்து அவளுடைய பழைய குரலை அப்போதுதான் நான் கேட்டேன். அப்படியே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது எனக்கு. நடுவர் வாயெல்லாம் மணல், ஆனால் பல்செட் இம்மியும் நகரவில்லை. என் வேலை இல்லை. யார் செய்ததோ, நல்ல கை.

இயக்குநருக்கு மணிக்கட்டில் சுளுக்கு, வேறொன்றும் இல்லை. அதற்குள் கோட்டுக்காரர்கள் மணலில் கால் புதையப் புதைய ஓடி வந்துவிட்டார்கள். நோக்க அதிகாரி மூச்சிரைக்க முன்னால் வந்து, பழக்க தோஷத்தில், "சார், வேகமா போகணும்னு நினைச்சீங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் எதிரில் இருப்பது யார் என்று பார்த்தார் போலிருக்கிறது, அப்படியே இரண்டடி பின்னுக்குப் போனார்.

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். கூட்டம், கேமரா, தன் ஆட்கள், சக்கரத்தடியில் உதிர்ந்து கிடந்த பேட் துண்டுகள். மனிதர் ஒரு நொடிதான் யோசித்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"பிரேக்குல ஒரு குறையும் இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நான்தான் மிதிக்கல."

கோட்டுக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

"என்னது, மிதிக்கலையா?" என்று நடுவர் ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்தே விட்டார். "ரெண்டு காலாலயும் மிதிச்சீரேய்யா! சீட்டை விட்டு எழும்பி நின்னுல்ல மிதிச்சீர்! நானும் மிதிச்சேன்! என் பக்கத்துல ஒரு எழவும் இல்ல, இருந்தும் மிதிச்சேன்!"

"பதட்டத்துல உங்களுக்கு அப்படித் தோணியிருக்கும். நான் மிதிக்கல."

"என் கண்ணால பார்த்தேன்!"

"மிதிக்கல. எங்க வேணும்னாலும் சொல்வேன்."

நடுவர் மணலைத் துப்பினார். இயக்குநரையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கிழவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. "சரி. நான் பார்த்தது இந்தம்மாவுக்கு. நீங்க சொன்னது உங்களுக்கு" என்றார். "சைரன், உன் மேல ஒரு தப்பும் இல்ல. ஆம்புலன்ஸ் ஆபீஸுக்கு நானே பேசறேன். பேட் போயிடுச்சுன்னு என் கண்ணே சாட்சி, இனிமே எவன் கம்பெனியும் எனக்குச் சொல்லத் தேவையில்ல."

 என் மனைவி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"அப்புறம், நீங்க" என்று நடுவர் இயக்குநர் பக்கம் திரும்பினார். "பிரேக் மிதிக்காத ஆளு மறுபடியும் இந்தத் தடத்துக்குள்ள வரணும்னா, பிரேக் மிதிக்கப் படிச்சுட்டுத்தான் வரணும். விதி. பருவத்தைத் தொடங்கிவைக்கணும்னா கத்துக்கிட்டு வாங்க. சொல்லிக்கொடுக்க இங்க ஒரே ஆளுதான் இருக்கு" என்று என் மனைவியைக் காட்டினார்.

இயக்குநருக்கு அதில் வருத்தமே இல்லை. உத்தரவாதம் புத்தம்புதுசாக அப்படியே இருக்கிறதே, அது போதாதா? மாளிகையில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு பாகத்தைக் காப்பாற்றிய முதல் இயக்குநராம்.

என் மனைவி மறுநாளே தன் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டாள். வாரக் கடைசியில், சொன்ன நேரத்துக்கு இயக்குநர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார், மணிக்கட்டில் கட்டோடு. மாணவனாகிவிட்டபடியால் கோட்டு போடவில்லை. சரிசெய்து நிறுத்தியிருந்த எங்கள் பழைய காரைச் சுற்றி வந்து பார்த்தார். கதவைத் திறந்தார். உள்ளே உட்கார்ந்தும் சாவியைத் தொடவில்லை, பெடல் பக்கம் காலைக் கொண்டுபோகவே இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றாள் என் மனைவி பக்கத்து இருக்கையிலிருந்து.

அவர் ஜன்னல் வழியாக நான் கேட்கிறேனா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இதுல எந்தக் கம்பெனி பிரேக்கும்மா?" என்று கேட்டார்.

"உங்களோடது இல்ல சார்."

அப்பாடா என்று பெரிய மூச்சு ஒன்றை விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அவர் சாவியைத் திருப்பினார்.